கொட்டேஜ் என்பது ஏரிக்கரையில் எடுத்த பார்ட்டி ஹோல் இல்லை

கோடை தொடங்கிவிட்டது. எங்கட ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொட்டேஜ் பட்டியல்களும் ஓடத் தொடங்கிவிட்டன. ஆட்டிறைச்சி எவ்வளவு, இறால் எவ்வளவு, கோழி ஊறப்போட்டுக் கொண்டுவாறது யார், போத்தில் யார், ஸ்பீக்கர் யார். எனக்கும் மூன்று பட்டியல் வந்தது. ஒன்றில்கூட உயிர்காப்பு அங்கி இல்லை. மஸ்கோகாவில் எதைப் பார்க்கப் போகிறோம் என்பதும் இல்லை. கேட்டால், "அங்கை என்ன மாஸ்டர் பார்க்கக் கிடக்கு? மரமும் தண்ணியும்தானே" என்கிறார்கள்.

முப்பது வருசம் புவியியல் படிப்பித்தவன் நான். இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாது.

ரொறன்ரோவில் இருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் ஓடினால் கிரேவன்ஹர்ஸ்ட். நோர்மன் பெத்யூன் 1890இல் பிறந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் இரத்தத்தைப் போர்முனைக்கே கொண்டுபோய் ஏற்றிய மருத்துவர் அவர். சீனாவில் காயக்காரருக்குச் சத்திரசிகிச்சை செய்தபோது விரலில் பட்ட வெட்டில் கிருமி ஏறி 1939இல் இறந்தார். போருக்குள் மருந்தில்லாமல் சனம் செத்ததைக் கண்டவர்கள் நாங்கள். அந்த மனிதரின் வீடு இருக்கிற ஊருக்குள் பியரும் ஐஸும் வாங்க மட்டும் இறங்குகிறோம்.

அதே ஊர்த் துறையில் செக்வுன் என்ற நீராவிக் கப்பல் நிற்கிறது. 1887இல் வேறு பெயரோடு கட்டி, 1925இல் திருத்தி இந்தப் பெயர் வைத்தார்கள். நல்ல வீதிகள் வருமுன் இந்த ஏரிக்கரைகளுக்கு ஆட்களும் தபாலும் கப்பலில்தான் போயின. நிலக்கரியில் ஓடும் கப்பலைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கண்ட பிள்ளைக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

இன்னொன்று. போர்ட் கார்லிங் இருக்கும் இடத்தில் முன்னர் ஒஜிப்வே மக்களின் ஊர் இருந்தது. குடியேற்றக்காரர் வர, அவர்கள் எழும்பிப் போக வேண்டியதாயிற்று. பாலாவுக்குப் பக்கத்தில் வாழும் வாட்டா மோஹாக் மக்களின் முன்னோர் 1881இல் கியூபெக்கின் ஓகாவில் இருந்து வந்தவர்கள். இடப்பெயர்வு என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் தாங்கள் நிற்கும் நிலத்திலும் அந்தக் கதை இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

பாறையைப் பாருங்கள். வீதிக்கு இரண்டு பக்கமும் வெட்டிக் கிடக்கிற அந்தச் சாம்பலும் இளஞ்சிவப்புமான கல் நூறு கோடி ஆண்டுக்கு மேல் பழையது. இரவில் டொரன்ஸ் பரன்ஸ் போங்கள். 1999இல் இருந்து அது இருள்வானக் காப்பகம். ஸ்காபரோவில் வளரும் பிள்ளை பால்வீதியைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே காணலாம். ஹன்ஸ்வில் வரை போனால், 1893இல் தொடங்கிய அல்கொங்குயின் பூங்கா ஒரு மணித்தியாலத்துக்குள். ஒக்டோபரில் பாலாவுக்குப் போனால் கிரான்பெரி வயலில் தண்ணீர் கட்டி அறுவடை செய்வார்கள். வயல் முழுக்கச் சிவப்பாக மிதக்கும்.

ஒரு டொலர் குற்றியில் உள்ள லூன் பறவையை எல்லாருக்கும் தெரியும். ஏரியில் அது இரவில் கூப்பிடும் குரலைக் கேட்ட பிள்ளை எத்தனை? எங்கட ஸ்பீக்கர் விடிய விடியக் கத்தினால் லூன் என்ன, பக்கத்து வீட்டுக்காரரின் குரல்கூடக் கேளாது.

"கிழமை முழுக்க வேலை, ஆறுதலாய் இருக்கத்தானே போறம்" என்பீர்கள். நியாயம். கொத்துக்கும் 304க்கும் நான் எதிரியில்லை. மூன்று நாளில் ஒரு காலைநேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்கிறேன். ஆட்டிறைச்சி அதற்குள் ஓடிவிடாது.

இனி, முக்கியமான விசயம். தண்ணீர்.

கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகிய தகப்பன்மார் இந்த ஏரிகளையும் கேணி என்று நினைக்கிறார்கள். இது பாறை ஏரி. இரண்டடி ஆழத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீருக்குள் போய்விடும். மே மாதத்தில் வெயில் சுட்டாலும் தண்ணீர் பனிக்கட்டி போலக் குளிரும். நல்லாய் நீந்துபவனுக்கும் மூச்சு அடைக்கும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாய்க் குதித்தால் கழுத்து முறியும். படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் சீற்றுக்குக் கீழே கிடக்கும் அங்கி யாரையும் மிதக்க வைக்காது. குடித்துவிட்டுப் படகு ஓட்டுவதும், குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது போலவே குற்றம்.

பரதநாட்டியத்துக்கும் வீணைக்கும் கணக்கு ரியூஷனுக்கும் ஓடுகிறோம். நகரசபைச் சமூக நிலையத்தில் நீச்சல் வகுப்பு இருக்கிறது; அதற்குப் பதிய மட்டும் நேரமில்லை. ஒவ்வொரு கோடையிலும் ஒன்ராறியோ ஏரிகளில் ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள். பிறகு முகநூலில் கண்ணீர் அஞ்சலிப் படம் போட்டு என்ன பயன்?

ஆகவே அந்தப் பட்டியலைத் திரும்ப எடுங்கள். இறாலுக்கு மேலே எழுதுங்கள்: பிள்ளைகளின் அளவுக்கேற்ற அங்கிகள். தண்ணீருக்குள் பிள்ளைகள் நிற்கும் நேரமெல்லாம் குடிக்காமல் கரையில் இருந்து பார்க்கப் போகும் பெரியவரின் பெயர். சனிக்கிழமை காலையில் போகும் இடம். இந்த மூன்றும் எழுதின பிறகு ஆட்டிறைச்சி எத்தனை இறாத்தல் என்று பேசுங்கள்.