குற்றம் தாயின் இரத்தத்தில் இல்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களில் மடல் வரைந்துள்ளார். நான்கு வயது மகனுக்கு விடாத காய்ச்சல். முகம் வெளிறி, கால்களில் நீலத் திட்டுகள். சென்னையில் இரத்தப் புற்றுநோய் எனக் கண்டறிந்து மருத்துவம் தொடங்கியுள்ளனர். சோதனைத் தாளில், 12ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் இணைந்திருப்பதாக எழுதியிருக்கிறதாம். "உன் தாய்வீட்டு இரத்தம்தான் என் பேரனைப் பிடித்தது" என்கிறாராம் மாமியார். "சூலுற்றிருந்தபோது நோன்பு நோற்றேனே, அதனாலா?" என்றும் சகோதரி வினவுகிறார்.

இல்லை, சகோதரி. இரண்டும் காரணமல்ல.

இராஜபாளையத்தாருக்கு நூற்பாலை புதிதன்று. கதிரில் ஓடும் இழை அறுவதும், பணியாளர் அதை ஒட்டுவதும் அன்றாடக் காட்சி. அருகருகே இரண்டு இழைகள் அறுந்து, ஒன்றின் நுனி மற்றொன்றோடு மாறி ஒட்டிவிட்டால் எப்படியிருக்கும்? உங்கள் மகனின் ஓர் இரத்த அணுவில் நிகழ்ந்தது அதுவே. 12இல் உள்ள ஈடிவி6 என்னும் ஜீனும், 21இல் உள்ள ரன்க்ஸ்1 என்னும் ஜீனும் அறுந்து மாறி ஒட்டிக்கொண்டன. இரத்த அணுக்களைப் பக்குவப்படுத்துவது ரன்க்ஸ்1. அதன் வேலை கெட்டதால் வெள்ளணுக்கள் முதிராமலே பெருகுகின்றன.

இந்த ஒட்டு பெற்றோரிடமிருந்து வருவதன்று. பெரும்பாலும் கருவறையிலேயே, குழந்தையின் அணு ஒன்றில் தற்செயலாக நேர்கிறது. பிறந்தவுடன் குதிகாலில் எடுத்து அட்டையில் உலர்த்திய இரத்தத் துளியிலேயே இதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். எனினும் ஒட்டு மட்டும் நோயாவதில்லை; பின்னர் வேறு பழுதுகளும் சேர வேண்டும். ஒட்டுடன் பிறந்தும் நோயின்றி வளரும் குழந்தைகளே மிகுதி. ஆகவே அடுத்த பிள்ளையை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மட்டும் விலக்கு: நச்சுக்கொடி வழியே ஒருவரின் அணு மற்றவரை அடைந்துவிடும்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். இந்நோயின் வகைகளுள் மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவற்றில் இதுவும் ஒன்று. மேலைநாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. நம் நாட்டில் குறைவு. 9ஆம் 22ஆம் குரோமோசோம்கள் மாறி ஒட்டும் வகையோ கொடியது. 1960இல் பிலடெல்பியாவில் அதன் அடையாளத்தைக் கண்டனர். அது இடமாற்றம் என 1973இல் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி விளக்கினார். 2001இல் வந்த இமாடினிப் மாத்திரை அதன் கொடுமையையும் தணித்துவிட்டது. எந்த ஒட்டு என அறிந்தே மருந்தின் கடுமையை வகுக்கிறார்கள். அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகனுக்குத் தரப்படும் மருந்துகளுள் மெதோட்ரெக்சேட் இருக்கக்கூடும். அம்மருந்தின் பிறப்பில் பங்குகொண்டவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். நம்மவர்கள் அவரை மறந்தது வருத்தத்திற்குரியது. 1980களில் அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சை முறையை மேற்கொண்டபின், பிழைக்கும் குழந்தைகளின் தொகை வெகுவாக உயர்ந்தது.

எனக்குள்ள அச்சம் வேறு. முதல் மாதத்திலேயே காய்ச்சல் நீங்கும், பிள்ளை ஓடியாடும். "குணமாகிவிட்டது, இனிப் பயணச் செலவு எதற்கு?" என்பார்கள் உறவினர். ஓதிப் பார்த்துத் தாயத்துக் கட்டினால் போதும் என்பாரும் வருவர். துஆச் செய்யுங்கள், ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். ஒளிந்திருக்கும் அணுக்களை ஒழிக்க இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். இடையில் நிறுத்தித் திரும்பிய நோய் எளிதில் அடங்காது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு உதவி உண்டு. மருத்துவமனைச் சான்று காட்டினால் இரயில் கட்டணச் சலுகையும் கிடைக்கும். ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் மகனுக்குக் காய்ச்சல் கண்டால் விடியட்டும் எனக் காத்திராமல், அன்றிரவே அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதே வேளையில் சென்னை மருத்துவருக்கும் தெரிவியுங்கள்.