தரிசன்று, குறுங்காடு!

வல்லநாட்டு மலைச்சரிவில் வெளிமான் மேய்கின்ற காட்டைக் கண்டவர் பலரிருப்பர். காரையும் சூரையும் இலந்தையும் விடத்தலையும் தோளுயரத்துக்குப் பின்னிக் கிடக்க, இடையிடையே குடைவேல் குடை விரித்து நிற்கும். இத்தகைய முட்புதர் நிலம் முகவை, நெல்லை, மதுரை, கரூர்ப் பகுதிகளில் இன்னும் துண்டுதுண்டாய் எஞ்சியுள்ளது. அதற்குப் படித்தவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: "தரிசு". அந்தப் பெயரை நாம் வாய்மூடி ஏற்றுக்கொண்டோம். ஏற்றதன் பயனாய் அந்நிலத்தை நாள்தோறும் இழந்து வருகிறோம்.

உழவன் வாயில் தரிசு என்பது உழாமல் விட்ட நிலம், அவ்வளவே. அதில் இழிவு ஏதுமில்லை. இழிவு ஏறியது வெள்ளையன் நிலவரிக் கணக்கில்தான். சென்னை மாநிலத்தில் தாமசு மன்றோ நிலைநாட்டிய இரயத்துவாரி முறையில் வரி தருவதே நிலம்; வரி தராதது வீண்நிலம். ஆடு மேய்வதும் விறகு பொறுக்குவதும் மருந்து பறிப்பதும் வரிக்கணக்கில் ஏறா. எனவே 'தீர்வை விதிக்கப்பட்ட தரிசு', 'தீர்வை விதிக்கப்படாத தரிசு' என இரண்டு தலைப்பிட்டு ஊர்ப்புறக் காட்டையெல்லாம் அவற்றுள் அடைத்தனர். வெள்ளையன் 1947இல் போய்விட்டான்; அவன் போட்ட தலைப்புப் போகவில்லை.

இதே வெள்ளையனுக்கு அந்தக் காட்டின் வலிமை தெரியாதா? நன்றாகத் தெரியும். 1801இல் மருது உடன்பிறந்தாரை வெல்லப் புறப்பட்ட கும்பனிப் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி வழிசெய்ய முயன்று, கிழமைக்கணக்காய் மாரடித்தும் இயலாது அவ்வேலையைக் கைவிட்டது. அப்படையில் இருந்த வெல்சு என்பான் தன் நினைவு நூலில் அந்தக் காட்டைப் பற்றி எழுதியே வைத்தான். பழந்தமிழர் அரணைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு 'மிளை' என்று தனிப்பெயர் வைத்த கரணியம் இதுவன்றோ? படை எடுத்தபோது முள்ளாய்க் குத்திய காடு, கணக்கு எழுதியபோது மட்டும் ஒன்றுக்கும் உதவாத பாழாய்ப் போயிற்றாம்!

இன்றைய கணக்கு இன்னும் வேடிக்கை. நடுவணரசு 1985இல் பாழ்நில மேம்பாட்டுக்கென வாரியமே அமைத்தது. 2019இல் வெளியிட்ட பாழ்நில வரைபடத் தொகுதியில் நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு பாழ் எனக் கண்டுள்ளது. அதன் வகைகளுள் அடர்புதர் நிலமும் அடங்கும். காட்டளவைத் துறையினரோ, ஒரு எக்டேர் நிலத்தில் மரத்தலைகள் 10 விழுக்காடு நிழல் விரித்தால் அது காட்டுப்பரப்பு என்பர்; குறைந்தால் வெறும் புதர், காட்டுக்கணக்கில் சேராது என்பர். ஆகவே தென்னந்தோப்பு காடு. தைலமரத் தோட்டம் காடு. நூறு வகைச் செடிகொடிகள் தாமே முளைத்து வாழும் குறுங்காடு மட்டும் காடன்று! இந்த அறிவுக்கு என்ன பெயரிடுவது?

தமிழுக்கு இக்காட்டைக் குறிக்கச் சொல் இல்லையோ என்றால், இருப்பது ஒன்றிரண்டல்ல. குறுங்காடு 'இறும்பு', பின்னிக் கிடக்கும் தூறு 'அரில்', முல்லைநிலக் காடு 'புறவு', பாலைநிலத்துக் காடு 'கடறு'. இத்தனையும் அகரமுதலிக்குள் உறங்க, 'புதர் மண்டிய இடம்' என்று முகஞ்சுளித்துப் பேசக் கற்றுக்கொண்டோம்.

'பாலை'க்கு நேர்ந்த கொடுமை இதனினும் பெரிது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் தெளிவுறச் சொல்லிவிட்டார். மழை பொய்த்தால் பாலை. மழை பெய்தால் அதே நிலம் மீண்டும் முல்லை. நம் வறண்ட காட்டின் இயல்பை இதைவிடச் சுருங்கச் சொன்ன நிலைத்திணை நூல் ஒன்றை நானறியேன். நாமோ அதனோடு 'வனம்' என ஒட்டுப் போட்டு, அரபு நாட்டு மணற்பரப்புக்குப் பெயராக்கிவிட்டோம். வகுப்பில் பாலைக்குப் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் ஒட்டகம் வரைகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம் தந்த பாடநூல் அப்படி.

ஏன் அந்நிலம் பாழன்று? சற்று நின்று பார்ப்போர்க்கு விளங்கும். விராலி தன் இலையில் பிசின் பூசி நீரை அடக்குகிறது. கள்ளி இலை வேலையைப் பச்சைத் தண்டுக்குத் தந்துவிட்டுக் காற்றையும் இரவிலேயே உள்வாங்குகிறது. வேல மரத்தின் சிற்றிலை வெயிலுக்குக் கொடுக்கும் பரப்பே சிறிது. முள்ளோ, தனக்கு மட்டும் காவலன்று. சூரைத் தூற்றின் நடுவே பறவை எச்சமிட்ட வேப்பங்கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாது வளர்ந்து ஒருநாள் மரமாகிறது. புதர் அதற்குச் செவிலித்தாய். 'புதர் என்பது அழிந்த காட்டின் எச்சம்தானே' என்று கேட்கும் அலுவலர்க்கும் இதிலேயே விடை உண்டு. சில இடங்களில் அது உண்மையே. வெட்டியும் எரித்தும் குறுகிய காடுகள் உண்டு. ஆயினும் அவை மீள்வதற்கு வழி அந்தப் புதர்தான். அதைத் தோண்டி எறிந்துவிட்டு எதை மீட்பது? எல்லா முட்காடும் எச்சமும் அன்று. 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் முட்காட்டைத் தனிப்பிரிவாகவே வைத்தனர்; நம் தென்பாண்டிக் குடைவேற் காட்டுக்கு அதனுள் தனி இடமே கொடுத்தனர். அயலார் கண்ணுக்குத் தெரிந்தது நம்மவர்க்குத் தெரியவில்லை.

கொங்குநாட்டார்க்குத் தெரிந்திருந்தது. காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள்: சுற்றிலும் கிளுவை முள்வேலி, உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல். புல் வறண்ட கோடையில் வெள்வேலங் காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். காட்டைப் பல வேலிகளாய்த் தடுத்து, ஒன்றில் மேய்த்து மற்றொன்றை ஆறவிடுவர். காங்கயம் காளையின் திமில் இந்த முட்காட்டில் விளைந்தது. எந்த வேளாண் கல்லூரியும் கற்றுத்தராமல் தலைமுறைகள் காத்த இந்த அறிவை, வீட்டுமனை போடுவோன் ஒரே காலையில் உருட்டித் தள்ளுகிறான்.

பச்சையாக்குகிறோம் என்ற பெயரால் நடந்த கேடும் குறைவில்லை. 1974இல் தோன்றிய தமிழ்நாடு காட்டுத் தோட்டக் கழகம் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமைகளில் தாள் ஆலைக்காகத் தைலமரம் வளர்த்தது. மருதிருவர் காட்டில் ஆத்திரேலிய மரம்! வரிசை வரிசையாய் நட்டதெல்லாம் காடு என்ற மயக்கம் இன்றுவரை தெளியவில்லை. மரம் நடுவிழா எடுப்போர்க்கு இடம் எங்கே? தரிசில்தான்.

'அப்படியானால் சீமைக்கருவேலும் புதர்தானே, அதையும் காப்பீரோ?' என்று நகையாடுவோர் உண்டு. அது அமெரிக்க மண்ணிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த முள். நம் காரையையும் சங்கஞ்செடியையும் நெருக்கிக் கொல்லும் முள். 2022இல் தமிழக அரசு அயற்செடிகளை அகற்றக் கொள்கை வகுத்தது நன்றே. ஆனால் மண்வாரி எந்திரத்துக்கு நாட்டுடையும் சீமைக்கருவேலும் ஒன்றுதான். ஓட்டுவோர்க்கு வேறுபாடு காட்ட அருகில் ஓர் ஆள் வேண்டும்.

அதே 2022இல் கரூர், திண்டுக்கல் எல்லையில் கடவூர்க் காட்டை, 11,806 எக்டேர், தேவாங்குக்குப் புகலிடமாக அறிவித்தனர். மதுரை அரிட்டாபட்டியில் குன்றும் சுனையும் புதரும் சேர்ந்த 193 எக்டேரைப் பல்லுயிர் மரபிடம் என்றனர். அந்தப் பெயரோடும் அவ்வூர் தப்பியதா? 2024இல் அதையும் உட்படுத்திய பரப்பை டங்சுடன் சுரங்கத்துக்கு நடுவணரசு ஏலம் விட்டது. ஊரார் திரண்டு மதுரைக்கு நடந்த பின்னரே, 2025 சனவரியில் ஏலம் நீக்கப்பட்டது.

மரபிடம் என்று பெயர் பெற்ற நிலத்துக்கே இந்நிலை எனின், 'தீர்வை விதிக்கப்படாத தரிசு' என்று கணக்கில் கிடக்கும் நிலத்துக்காக எவன் நடப்பான்? தமிழன்பர்களே, உங்கள் ஊர் மேய்க்காலிலும் கரட்டிலும் முளைத்துள்ள செடிகளின் பெயர்களை, ஆடு மேய்க்கும் முதியோரைக் கேட்டு எழுதுங்கள். ஊர்மன்றக் கூட்டத்தில் அப்பட்டியலைப் படித்து, அந்நிலத்தைக் 'குறுங்காடு' என்று தீர்மானத்தில் பதியச் செய்யுங்கள். கூட்டம் நடக்கும் நாளை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம்.