ஆட்டுச் சளிக்கு ஓர் ஆயுட்கால ஆய்வு எதற்கு?

கொச்சங்காடியில் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடுமுறைக்கு வீடு வந்த என்னிடம் சென்ற வாரம் கேட்டார்: “இத்தனை வருஷம் படிச்சது ஆட்டுச் சளிக்குத்தானா?” மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஆடுகள் உரிமையோடு உலவுபவை, அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, அறிய விரும்பியே கேட்டார். அன்று சிரித்து நழுவிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

அம்மறுமொழி ஒரு விஞ்ஞானியின் ஆய்வு வாழ்வைப் பற்றியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய எம். எஸ். ஷைலா பல்லாண்டுகளாக ஆராய்ந்தவை முதன்மையாக இரண்டு வைரசுகள். ஒன்று, மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற வெக்கை நோயின் வைரசு. மற்றொன்று, வெள்ளாட்டையும் செம்மறியையும் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோயின் வைரசு. இரண்டும் நெருங்கிய உறவுடையவை. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் வைரசும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

1987இல் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசூரில் ஆடுகள் நோயுற்று மடிந்தன. காய்ச்சல், மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் ஆகிய அறிகுறிகளை ஆட்டில் கண்டால் அதுவும் வெக்கையே என்று கொள்வது அந்நாளைய வழக்கம். ஷைலாவும் அவருடன் பணியாற்றிய கால்நடை மருத்துவ அறிஞர்களும் அந்த வழக்கத்தோடு நின்றுவிடவில்லை. சோதித்துப் பார்த்து, இது வெக்கையன்று, ஆட்டுக்கொல்லி நோய் என 1989இல் வெளியிட்டனர். இந்தியாவில் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதன்முறை.

பெயர் மாறியதால் இறந்த ஆடு பிழைத்துவிடுமா என்று கேட்கலாம். ஆனால் அப்பெயரைப் பொறுத்தே பெரியதொரு காரியம் இருந்தது. வெக்கையை நாட்டைவிட்டே அகற்ற முயன்றுகொண்டிருந்த காலம் அது. ஆட்டுக்கொல்லியால் சாகும் ஒவ்வோர் ஆட்டையும் வெக்கைக் கணக்கில் எழுதினால், வெக்கை ஒழிந்தது என்று ஒருநாளும் சொல்ல இயலாது.

தடுப்பூசியிலும் ஒரு சிக்கல் இருந்தது. மாட்டுக்கான வெக்கைத் தடுப்பூசி ஆட்டுக்கொல்லியிலிருந்தும் ஆடுகளைக் காத்தது. எனினும் அதைப் போட்டால் ஆட்டின் இரத்தத்தில் வெக்கைக்கு எதிரான எதிர்ப்பொருள் தோன்றும். அது ஊசியால் வந்ததா, மறைந்து திரியும் நோயால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. நோய் இல்லை என மெய்ப்பிக்க அவ்வூசியை நிறுத்தியாக வேண்டும்; நிறுத்தினால் ஆடுகளுக்கெனத் தனி ஊசி வேண்டும். பின்னர்த் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆட்டுக்கொல்லித் தடுப்பூசிகளுள் ஒன்றின் வைரசு அரசூரிலிருந்து எடுக்கப்பட்டதே. ‘அரசூர் 87’ என்பது அதன் பெயர்.

இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தோன்றியது 1995இல், தமிழ்நாட்டின் வடாற்காடு பகுதியில். 2006இல் இந்தியாவும், 2011இல் உலகம் முழுவதும் வெக்கையற்றவை என அறிவிக்கப்பட்டன. பெரியம்மைக்குப் பின் மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

இங்கே நேர்மையாக ஒரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டும். வெக்கை வைரசின் புரதம் ஒன்றை நிலக்கடலைச் செடியில் உருவாக்கி, அதை மாட்டுக்குத் தீனியாகத் தந்து எதிர்ப்பாற்றலைத் தூண்டலாம் என்று ஷைலாவின் குழு 2003இல் காட்டியது. அப்போது இந்தியாவில் வெக்கை மறைந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வுழைப்பு வீணா? வீணன்று என்பதே என் கருத்து. உறவுடைய வைரசொன்று இன்றும் நம் ஆடுகளிடையே உலவுகிறது. ஒன்றின் புரதத்தைப் பற்றி அறிந்தது மற்றதை அறியத் துணை செய்யும். 1996இல் ஷைலாவை முதலாசிரியராகக் கொண்டு வந்த கட்டுரை, பல நாடுகளின் ஆட்டுக்கொல்லி வைரசுகளை நான்கு கிளைகளாகப் பிரித்துக் காட்டியது. நோய் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதை ஆய்வாளர் இன்றும் அக்கிளைகளைக் கொண்டே பேசுகின்றனர்.

என் வருத்தம் வேறொன்று. கால்நடை வைரசு ஆய்வின் வெற்றி கண்ணுக்குத் தெரியாதது. சாகாத மாட்டை எவரும் எண்ணுவதில்லை. ஆய்வுப் பொருளே மறைந்துபோவதுதான் இத்துறையின் உச்ச வெற்றி. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை, எத்தனை காப்புரிமை என்று மட்டும் கேட்கும் அளவுகோலுக்கு இது புலப்படாது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் உலகிலிருந்து அகற்றுவது என்று 2015இல் இலக்கு வகுத்தார்கள். அரசூரிலிருந்து எண்ணினால் 43 ஆண்டுகள். நம் ஆய்வு உதவித்தொகையோ ஐந்தாண்டில் முடிகிறது. அதன்பின் மாதிரிகளை உறைபெட்டியில் விட்டுவிட்டு வேறு வேலை தேடுகிறோம். ஒரே வைரசோடு முப்பதாண்டு தங்கியிருக்க ஒருவரை அனுமதிக்காத அமைப்பு, அடுத்த அரசூரைக் கண்டுகொள்ளுமா?

அத்துடன், ஆய்வகம் முதல் செய்தியைப் பெறுவது ஆடு வளர்ப்பவரிடமிருந்துதான். ஆகவே பெரியவரிடம் நாளை நான் சொல்லப்போவது இவ்வளவே: ஆட்டுச் சளி எல்லாம் சளி அல்ல. மூக்கொழுக்கோடு வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டால் அன்றே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். சந்தையிலிருந்து வாங்கிவரும் ஆட்டைச் சில வாரம் தனியே கட்டுங்கள். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நீங்கள் சொன்னால்தான், ஐயா, எங்கள் படிப்பே தொடங்கும்.