பெயரில்லாத வண்டியின் விலை

ஸ்டேஷன் வேகன் என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் ஏதும் இல்லை. பிற மொழிகள் தத்தம் வாழ்க்கைக்கு ஏற்ப அதற்குப் பெயரிட்டுக்கொண்டன. அமெரிக்காவில் இரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஒருசேர ஏற்றிச் சென்ற வண்டி ‘ஸ்டேஷன் வேகன்’ ஆயிற்று. பிரிட்டனில் நிலக்கிழார்களின் பண்ணை வாழ்வோடு ஒட்டி ‘எஸ்டேட்’ ஆயிற்று. ஜெர்மானியர், ஆளும் சரக்கும் சேர்ந்து செல்வது என்னும் பொருளில் ‘கோம்பி’ என்றனர். இந்தியாவிலோ காரின் பின்பகுதிக்கு ‘டிக்கி’ என்னும் சொல் நிலைத்தது. டிக்கியும் இருக்கையும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்ட வண்டிக்குப் பெயர் நிலைக்கவில்லை.

ஐதராபாத்தின் பாலாநகர், கூகட்பல்லி, சனத்நகர் போன்ற பகுதிகளில் பழைய ஆடம்பரக் காரைத் தேடும் குடும்பம் ஒன்றுக்கு இது அகராதிச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. அக்குடும்பம் கொடுக்கப்போகும் விலையையே இப்பெயரின்மை பாதிக்கிறது. பழைய கார்ச் சந்தையில் ஒரு வண்டியின் விலையைப் பெருமளவு அதன் பெயரும் வகையும் தீர்மானிக்கின்றன. வாங்கியபின் ஆகும் செலவையோ அதன் இரும்பும் ரப்பரும் மின்னணுவும் தீர்மானிக்கின்றன. ஆடம்பர ஸ்டேஷன் வேகனில் இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் மிக அதிகம். வாங்குவோர் படும் இன்பமும் துன்பமும் அத்தூரத்திலிருந்தே பிறக்கின்றன.

இவ்வகை வண்டி இந்தியாவுக்கு வராமல் இல்லை. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது. அதன்பின் மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் வீக்கெண்ட், ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி என ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. நீண்ட கூரையைக் கண்டவர்கள் அதில் சரக்கு வண்டியையோ ஆம்புலன்ஸையோ கண்டார்கள். 2006ஆம் ஆண்டின் மத்திய வரவுசெலவுத் திட்டம் 4 மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களின் கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. அதற்குப்பின் காரின் வாலை வெட்டுவதுதான் இலாபமாயிற்று. வாலை நீட்டுவதற்கு எந்த நிறுவனமும் முன்வரவில்லை.

2017 ஜூலையில் வால்வோ தன் வி90 வேகனையும், 2018 செப்டம்பரில் மெர்சிடிஸ் பென்ஸ் தன் இ-கிளாஸ் வேகனையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. முன்னதன் அறிமுக விலை 60 லட்சம், பின்னதன் விலை 75 லட்சம். இரண்டுமே ‘வேகன்’ என்னும் சொல்லை ஒளித்துக்கொண்டன. ஒன்று ‘கிராஸ் கன்ட்ரி’ என்றும், மற்றொன்று ‘ஆல்-டெரைன்’ என்றும் காடுமேடு ஏறும் வண்டிகளாகத் தம்மைச் சொல்லிக்கொண்டன. பள்ளிக்கும் திருமணத்துக்கும் போகப்போகும் குடும்ப வண்டிக்கு இப்பெயர்! விற்பனைத் துறையினர் சந்தையை நன்கு அறிந்தே பெயரிட்டிருக்கிறார்கள் என்றுதான் கொள்ளவேண்டும்.

வரிச் சட்டமும் இப்பெயர்ச் சிக்கலில் அகப்பட்டது. மிகுதியான மேல்வரிக்கு உரிய எஸ்யூவி எது என்பதற்கு 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் என்ஜின், 170 மி.மீ. தரை இடைவெளி ஆகியவற்றோடு, மக்களிடையே எஸ்யூவி என்று அறியப்பட்டிருத்தலும் ஒரு நிபந்தனையாக இருந்தது. மக்கள் வழக்கு ஒரு வரி விகிதத்தின் உறுப்பாக இருந்தமை மொழியியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளத்தக்கது. 2023 ஜூலையில் ஜிஎஸ்டி மன்றம் அந்நிபந்தனையை நீக்கி, எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அளவு பொருந்தினால் போதும் என்றது. ஏறத்தாழ 4.9 மீட்டர் நீளமும் 1969 சிசி என்ஜினும் 210 மி.மீ. தரை இடைவெளியும் கொண்ட வி90 கிராஸ் கன்ட்ரி அவ்வளவுகோலின்படி எஸ்யூவியே. பழைய கார்ச் சந்தை மட்டும் அதனை அப்படி ஏற்பதில்லை. உயரமான முகப்பும் நிமிர்ந்த தோற்றமும் உடைய வண்டிக்கே அங்கு மதிப்பு. ஆகவே, அதே நிறுவனத்தின் எஸ்யூவியை நாடுவோர் பலராகவும், வேகனை நாடுவோர் சிலராகவும் இருக்கின்றனர். விலை அதற்கேற்பச் சரிகிறது.

அச்சரிவினால் பயனடைந்தவர்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததும் உணர்வது வேறு. ஐதராபாத்திலிருந்து சென்னைக்கு 600 கி.மீ.க்கும் மேல். நார்க்கட்பள்ளி, அத்தங்கி, நெல்லூர் வழியாகச் செல்லும் அந்நெடுவழியில், செடானைப்போல் தாழ்வாக அமர்ந்து வளைவுகளில் சாயாமல் செல்லும் வண்டி ஓட்டுபவரைக் களைப்படையச் செய்வதில்லை. மூட்டுவலியுள்ள முதியவர் எஸ்யூவியில் ஏறப் படி தேடுவார். இதில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்துவிடுவார். பின்புறத்தின் தாழ்ந்த விளிம்பில் பித்தளை அண்டாவையும், ஊறுகாய் ஜாடியையும், திருமண வீட்டிலிருந்து திரும்பும் சீர்வரிசையையும் தூக்கி வைப்பது எளிது. பயன்பாட்டை மட்டும் கருதினால், இந்தியக் கூட்டுக் குடும்பத்தின் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது.

துன்பம் மெல்லத் தொடங்குகிறது. ஏர் சஸ்பென்ஷனின் ரப்பர்ப் பைகள் வெயிலிலும் தூசியிலும் வெடிப்புறும். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் அமர்ந்திருக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாது ஓடும் கம்ப்ரசரும் பின்னர் பழுதாகும். புகைத்துகள் வடிகட்டி உடைய டீசல் வண்டி பாலாநகர் நெரிசலில் நாள்தோறும் 5 கி.மீ. மட்டும் ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு அவ்வப்போது நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். இவை எல்லா ஆடம்பர வண்டிகளுக்கும் பொதுவானவை. என்ஜினும் கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனின் பெரும்பகுதியும் உடன்பிறந்த செடான், எஸ்யூவி ஆகியவற்றோடு பகிரப்படுவதால், அவற்றின் உதிரிப்பாகங்கள் எப்படியாவது கிடைத்துவிடும்.

வேகனுக்கே உரிய இடர் அதன் பின்பாதியில் இருக்கிறது. பின்கதவு, அதன் கண்ணாடி, கடைசிப் பக்கச் சன்னல்கள், நீண்ட கூரையின் உள்விரிப்பு ஆகியவை வேறு எவ்வண்டியிலும் பொருந்தா. நாட்டில் மிகச் சிலவே ஓடும் வண்டிக்கு இவற்றை யாரும் இருப்பில் வைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதுவும் புதிய வண்டியின் விலைக்கணக்கில். இங்கே காப்பீடும் சேர்ந்துகொள்கிறது. வண்டியின் காப்பீட்டு மதிப்பு நான்காண்டு கடந்தால் புதிய விலையில் பாதி; ஐந்தாண்டுக்குப்பின் பேசி முடிக்கும் தொகை. பழுதுச் செலவு அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழுச்சேதமாகக் கொள்ளப்படும். மதிப்பு 20 லட்சம் எனில் வரம்பு 15 லட்சம். பின்னால் வந்த வேன் ஒன்று சற்றே பலமாக மோதினால், நன்றாக ஓடக்கூடிய வண்டி காகிதத்தில் இறந்துபோக இடமுண்டு. பெயரால் குறைந்த விலை, பொருளால் குறையாத செலவு ஆகிய இரண்டும் நேருக்குநேர் சந்திக்கும் இடம் இதுவே.

இதில் பாலாநகருக்குச் சொல்ல ஒன்று உண்டு. 1968இல் தொடங்கப்பட்ட மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் இங்கே இருக்கிறது, எச்.ஏ.எல்.லின் விமான மின்னணுப் பிரிவும் இங்கேதான். சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். நூற்றில் ஒரு பங்கு மி.மீ. பிசகாமல் உலோகத்தைக் கடையத் தெரிந்த கைகள் உள்ள ஊர் இது. ஆனால், புதிய கம்ப்ரசரைப் பொருத்தியபின் அதனை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள் அக்கைகளுக்குத் தரப்படுவதில்லை. இது தனியொருவர் குறையன்று. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்பதற்காகப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கி, வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. நிறுவனங்கள் விரும்பித் தரும் தகவலே அதில் இடம்பெறுகிறது. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. பழைய ஆடம்பரக் கார் வாங்குவது வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு, அதற்கு எதற்குச் சட்டம் என்று கேட்போர், டிராக்டருக்கும் கைபேசிக்கும் இதே பூட்டுதான் போடப்பட்டுள்ளது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அச்சட்டம் வரும்வரை, வாங்க எண்ணுவோர் விசாரிக்கும் முறையையாவது மாற்றிக்கொள்ளலாம். இப்போது ஓடிய கிலோமீட்டரையும் என்ஜின் ஓசையையும் பார்த்துவிட்டு முன்பணம் தருகிறார்கள். பின்கதவின் விலை என்ன, அதன் கண்ணாடி வர எத்தனை வாரம் ஆகும், அடுத்த ஆண்டுக்குக் காப்பீட்டு மதிப்பாக எவ்வளவு ஒப்புக்கொள்வார்கள் என்னும் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னரே விலை பேசத் தொடங்குவது நல்லது.