கணுவை எண்ணுங்க பாஸ்!

ஸ்கூல் லேப்ல ஒரு பீக்கர், கவிழ்த்து வெச்ச புனல், மேலே ஒரு டெஸ்ட் ட்யூப், உள்ளே பச்சையா ஒரு செடி... குமிழ் குமிழா ஆக்சிஜன் வந்ததே, ஞாபகம் இருக்கா? அந்த ஹைட்ரில்லாவுக்கு ஊர்ல என்ன பேர்? 'பாசி'. பக்கத்துல ரிப்பன் மாதிரி வளர்ற வாலிஸ்னேரியாவுக்கு? அதுவும் 'பாசி'தான்! நிஜத்தில் ரெண்டுமே பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள முழுச் செடிகள்.

பேர் தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்னு கேட்கிறீங்களா? மணிமங்கலத்துக்கு வாங்க. ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவனும் இரண்டாம் புலிகேசியும் மோதிய ஊர். இன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ் ஓடுற ஏரியா. இங்கே ஏரி நிரம்பினா, உபரித் தண்ணி அடையாறு வழியா சென்னைக்குப் போகும். 2015 டிசம்பரில் அடையாறு என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ஏரி, கால்வாயைச் சுத்தம் பண்ண உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். டீம் கிளம்பினா சந்தோஷம்தான். ஆனா, 'பச்சையா இருக்கிறதையெல்லாம் புடுங்கு'ன்னு இறங்கினா, வில்லனோட சேர்ந்து ஹீரோவும் காலி!

வில்லன், தென் அமெரிக்காவில் இருந்து வந்த ஆகாயத்தாமரை. ஊதின காம்பு, ஊதாப் பூ, மேலேயே மிதக்கும். வெளிச்சத்தை மறைச்சு, மதகையும் அடைக்கும். தாராளமா அள்ளுங்க. தண்ணிக்குள்ள வளர்ற நாட்டுச் செடிகள் வேற ரகம். மீன் குஞ்சுகளுக்கு மறைவிடம், பறவைகளுக்குச் சாப்பாடு, வண்டலுக்குப் பிடிமானம்.

எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? ஒரு வெள்ளைத் தட்டுல தண்ணி ஊத்தி, செடியைப் பரப்புங்க. கரும்புல இருக்கிற மாதிரி கணு தெரியும். அதில் இலைகளை எண்ணுங்க.

கணுவுக்கு ஒரே இலை, மேலே மிதக்கிற இலை நீள்வட்டமா தடிமனா இருந்தா, பொட்டமோஜீட்டான்.

ஜோடி இலை, தொட்டாலே முறியுற தண்டுன்னா, நாஜாஸ்.

வட்டமா மூணு முதல் எட்டு இலை, விளிம்பு சொரசொரன்னா, ஹைட்ரில்லா.

வட்டமா இலைகள், ஒவ்வொண்ணும் கவட்டை மாதிரி பிரிஞ்சு, வேரே இல்லைன்னா, செரட்டோஃபில்லம்.

தண்டே தெரியாம அடியில இருந்து ரிப்பன் ரிப்பனா வந்தா, வாலிஸ்னேரியா.

தேய்ச்சா நறநறன்னு இருந்து, பூண்டு வாசனை அடிச்சா, காரா. இந்த லிஸ்ட்டில் இது மட்டும்தான் நிஜமான பாசி இனம்!

டூப்ளிகேட்டும் உண்டு. மீன் தொட்டிக்கு விக்கிற தென் அமெரிக்க எஜீரியா, அச்சு அசல் ஹைட்ரில்லா மாதிரியே இருக்கும். கணுவுக்குப் பெரும்பாலும் நாலஞ்சு இலை, ஆனா தொட்டா வழவழப்பு. துண்டு விழுந்தாலே முளைச்சிடும். அதனால தொட்டியைக் கழுவி ஏரியில ஊத்தாதீங்க, ப்ளீஸ். 1950களில் மீன் தொட்டிச் செடியா அமெரிக்கா போன நம்ம ஹைட்ரில்லா, ஃப்ளோரிடா ஏரிகளை அடைச்சு, அங்கே இன்னிக்கும் வில்லனா இருக்கு!

நம்ம ஏரியிலேயே ஹைட்ரில்லா திடீர்னு மண்டினா? செடியைத் திட்டாதீங்க. சாக்கடை எங்கே கலக்குதுன்னு தேடுங்க. அடுத்த கேம்ப்புக்கு மண்வெட்டியோட ஒரு வெள்ளைத் தட்டையும் பையில போட்டுக்குங்க.