வானத்து வார்த்தைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் வானத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 'கேலக்ஸி', 'நெபுலா', 'பிளாக் ஹோல்', 'லைட் இயர்' என்று மடமடவென்று ஒப்பிப்பார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதிலிருந்து இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. மிகவும் சந்தோஷமான விஷயம். ஆனால், "கேலக்ஸி என்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். "கேலக்ஸின்னா கேலக்ஸிதான் தாத்தா" என்றுதான் பதில் வரும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானியலுக்கான ஆங்கிலச் சொற்களை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் அவற்றை வெறும் சத்தமாக மனப்பாடம் செய்வது கற்பதாகாது. சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும்; பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் வைத்துப் பார்க்க வேண்டும். நாகபுரியில் எந்தப் பள்ளிக்கூடமும் நமக்காக இதைச் செய்யப்போவதில்லை. வீடும் சங்கமும்தான் செய்ய வேண்டும்.

'கேலக்ஸி' என்பது கிரேக்க மொழியில் 'பால்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நாம் பால்வெளி, பால்வீதி என்கிறோம். 'காமெட்' என்றால் கிரேக்கருக்கு நீண்ட கூந்தலுடையது. நமக்கு அது வால் முளைத்த மீன், வால்மீன். நம் மராத்தி அண்டை வீட்டார் சொல்லும் 'தூமகேது' புகையைக் கொடியாகக் கொண்டது. 'சாட்டிலைட்' என்பது லத்தீனில், பெரிய மனிதருக்குக் கூடவே போகும் மெய்க்காவலன். தமிழில் துணைக்கோள். பல ஊர்க்காரர்கள் பல காலங்களில் ஒரே வானத்தைப் பார்த்துத் தங்களுக்குத் தெரிந்த பொருளைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு அந்த ஆங்கிலச் சொல் ஆயுளுக்கும் மறக்காது.

ரயில்வேயில் பாதைப் பிரிவில் ஆயுளைக் கழித்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஆர்பிட்'. லத்தீனில் இதன் மூலச் சொல்லுக்கு வண்டிச் சக்கரம் பதித்துவிட்டுப் போன தடம் என்று பொருள். தமிழில் சுற்றுப்பாதை. எங்கள் 'பி.வே' ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை வேண்டுமா? சர்வே வேலையில் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்த நாட்களில் 'அஸிமத்', 'ஜெனித்', 'நாடிர்' என்று தினமும் சொல்வோம். மூன்றுமே அரபுச் சொற்களிலிருந்து வந்தவை. ஆங்கிலேயர் எங்கெங்கோ கேட்டு வாங்கிச் சேர்த்ததைத்தான் இன்று நாம் 'இங்கிலீஷ் டெர்ம்' என்று பயபக்தியுடன் படிக்கிறோம். கடன் வாங்குவதில் அவர்களுக்கு வெட்கம் இருந்ததில்லை. நமக்கும் வேண்டாம். ஆனால் கையிருப்பு என்ன என்று தெரியாமல் கடன் வாங்குவதுதான் சரியில்லை.

"இதெல்லாம் எதற்கு? பரீட்சையில் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறார்கள்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். பரீட்சைக்காகவே சொல்கிறேன். 'ரொடேட்', 'ரிவால்வ்' இரண்டையும் மாற்றி எழுதி மார்க்கை இழக்காத பிள்ளைகள் குறைவு. தமிழில் கேட்டால் குழப்பம் வருமா? பம்பரம் சுழல்கிறது, நாம் கோயிலைச் சுற்றுகிறோம். பூமி தன் அச்சில் சுழல்வது 'ரொடேட்'. சூரியனைச் சுற்றுவது 'ரிவால்வ்'. ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அடுத்து 'லைட் இயர்'. 'இயர்' என்ற சொல் இருப்பதால் இதைக் காலம் என்று நினைக்கும் பெரியவர்களே நிறைய உண்டு. தமிழில் ஒளியாண்டு என்றாலும் அதே பொறிதான். ஆனால் நமக்கு இது புரியாத விஷயமல்ல. "மெட்ராஸ் எவ்வளவு தூரம்?" என்று இங்கே யாராவது கேட்டால் நாம் கிலோமீட்டரா சொல்கிறோம்? "தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பதினாறு, பதினேழு மணி நேரம்" என்கிறோம். பயண நேரத்தைச் சொல்லித் தூரத்தைக் காட்டுகிறோம். வானியலாரும் அதையேதான் செய்கிறார்கள். அவர்களுடைய வண்டி ஒளி. அது விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஓராண்டில் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் போகும். அந்தத் தூரம்தான் ஓர் ஒளியாண்டு.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடலாம். எங்கும் நிற்காமல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு ரயில், நிலவின் சராசரித் தூரமான 3,84,400 கிலோமீட்டரைக் கடக்க 160 நாள் ஆகும். சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதற்கு 171 ஆண்டு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 'பிராக்ஸிமா செண்டாரி', சுமார் 4.24 ஒளியாண்டு. அதற்கு நம் ரயில் நாலரைக் கோடி ஆண்டு ஓட வேண்டும். இந்தக் கணக்கைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினால் 'லைட் இயர்' அவனுக்கு உண்மையிலேயே புரியும்.

ஆங்கிலச் சொல் தெரிந்தால் விஷயம் தெரிந்தாயிற்று என்ற நம்பிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. ஏனென்றால் அந்தச் சொற்களில் பல, கேட்பவரைத் தவறான திசையில் அனுப்புபவை. 'ஷூட்டிங் ஸ்டார்' விண்மீனே அல்ல. காற்று மண்டலத்தில் எரிந்து போகும் சிறு துகள். (நம் 'எரிநட்சத்திரம்' என்ற சொல்லிலும் இதே கோளாறு உண்டு, தமிழ் என்பதால் விட்டுவிடக் கூடாது.) 'பிளானட்டரி நெபுலா'வுக்கும் கிரகங்களுக்கும் சம்பந்தமில்லை. பழைய தொலைநோக்கிகளில் அது கிரகம் போல வட்டமாகத் தெரிந்ததால் வந்த பெயர். 1969-ல் மனிதன் முதன்முதலாக நிலவில் இறங்கிய 'ஸீ ஆஃப் டிராங்குவிலிட்டி'யில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. 'பிக் பேங்' என்ற பெயரை 1949-ல் பி.பி.சி. வானொலியில் சொன்னவர் ஃப்ரெட் ஹாயில். அவர் அந்தக் கொள்கையை ஏற்காதவர்! சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் குண்டு வெடித்தது போல என்று நாம் கற்பனை செய்து கொள்கிறோம். வெளியே விரிந்தது, இன்னும் விரிகிறது என்பதுதான் விஷயம். 'பெருவெடிப்பு' என்று அப்படியே மொழிபெயர்த்தபோது அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டோம்.

சொல் காலத்துக்கேற்ப மாறுவதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இதற்கு 'பிளானட்'டே நல்ல உதாரணம். கிரேக்க மொழியில் அதற்கு 'அலைந்து திரிபவர்' என்று பொருள். இடம் மாறாத விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவற்றை அப்படி அழைத்தார்கள். சூரியனும் சந்திரனும்கூட அந்தப் பட்டியலில் இருந்தன, பூமி இல்லை. 1543-ல் கோப்பர்நிக்கஸின் நூல் வந்த பிறகுதான் பூமி மெல்ல மெல்லக் கிரகமாயிற்று, சூரியன் பட்டியலை விட்டு வெளியேறியது. 2006-ல் புளூட்டோவையும் வெளியே அனுப்பிக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள்.

இதில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்பது கிரகம், கோயிலில் நவக்கிரகம். இரண்டும் ஒன்றே என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டு வளர்ந்தார்கள். எண்ணிப் பாருங்கள். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்துதான் இரண்டுக்கும் பொது. கோயிலில் சூரியன், சந்திரன், ராகு, கேது உண்டு. பள்ளிக்கூடப் பட்டியலில் பூமி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ இருந்தன. கோயிலில் உள்ள கிரகம் என்ற சொல் ஒன்றைக் குறிக்கிறது, வானியல் புத்தகத்தில் உள்ளது வேறொன்றைக் குறிக்கிறது. கோள் என்ற தமிழ்ச் சொல்லை வானியலுக்கு வைத்துக்கொண்டால் வானியல் வேறு, சோதிடம் வேறு என்பதும் தானாகவே தெளிவாகும். யாருடைய நம்பிக்கையையும் புண்படுத்த வேண்டியதில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை மொட்டை மாடியில் பேரனிடம், "அதோ பார், கார்த்திகை. ஆறு நட்சத்திரம் கொத்தா இருக்கு பார்" என்றார். பையன், "அது ப்ளையடீஸ் பாட்டி, ஸ்டார் கிளஸ்டர்" என்றான். "என்னமோப்பா, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்று பாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். பையனும் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துவிட்டான். இரண்டு பேரும் சொன்னது ஒரே கொத்தைத்தான்! கீழ் வீட்டு மராத்திக்காரர் அதையே கிருத்திகா என்பார். அன்றைக்குப் பாட்டியிடமிருந்து பையனுக்கு வந்திருக்க வேண்டிய அறிவு, நடுவில் ஒரு வார்த்தை தெரியாததால் நின்றுவிட்டது. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது சின்ன நஷ்டமல்ல.

அந்த நடு வார்த்தைகள் கஷ்டமானவையும் அல்ல. பிள்ளைகள் 'பீடல்ஜூஸ்' என்று படிப்பது நம் திருவாதிரை. 'ஸ்பைக்கா' சித்திரை. 'ஆர்க்டியூரஸ்' சுவாதி. 'அன்டாரஸ்' கேட்டை; செவ்வாய்க்குப் போட்டியாகச் சிவந்திருப்பதால் கிரேக்கர் வைத்த பெயர் அது. 'அல்டெபரான்' ரோகிணி. அரபு மொழியில் அதற்குப் 'பின்தொடர்வது' என்று பொருள், கார்த்திகைக் கொத்தின் பின்னாலேயே வருவதால். நாமும் கார்த்திகைக்கு அடுத்து ரோகிணி என்றுதானே வரிசை சொல்கிறோம்? 'ரெகுலஸ்' என்றால் லத்தீனில் 'சின்ன ராஜா'. அது எது தெரியுமா? மகம்! 'மகம் ஜகத்தை ஆளும்' என்று சொல்லும் பாட்டிக்கும் அந்தப் பையனுக்கும் ஒரு மணி நேரம் பேச இது ஒன்றே போதும்.

இரண்டு மொழியும் சேர்ந்திருந்தால் பிள்ளையின் மூளை குழம்பும் என்பவர்களுக்கு ஒரு பெரிய மனிதரை நினைவூட்டுகிறேன். எஸ். சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். அவர் தந்தை வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரி. நம்மைப் போலவே வெளியூருக்குப் போன தமிழ் ரயில்வே குடும்பம்தான். ஆரம்பப் படிப்பு வீட்டிலேயே நடந்தது. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் 'எ டால்ஸ் ஹவுஸ்' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அந்தப் பையன்தான் விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1983-ல் நோபல் பரிசு பெற்றார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண் குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்ற அவருடைய கணக்கை உலகமே 'சந்திரசேகர் லிமிட்' என்று அழைக்கிறது. இன்று எந்த ஆங்கில வானியல் புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பெயர் இருக்கும்.

எனவே தமிழா, ஆங்கிலமா என்ற பட்டிமன்றத்தை நம் சங்க மேடையோடு நிறுத்திக்கொள்வோம். தூய தமிழில்தான் எல்லாம் சொல்ல வேண்டும் என்று 'குவாஸர்', 'பல்ஸர்' எல்லாவற்றையும் மாற்றச் சொல்பவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. பொருள் விளங்கும் தமிழ்ச் சொல் இருந்தால் எடுத்துக்கொள்வோம்; இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே விளக்கிச் சொல்வோம்.

செயற்குழுவுக்கு எனது யோசனைகள் இரண்டே. ஒன்று, மழை ஓய்ந்து வானம் தெளிவாக இருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஏதாவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் சேர்த்து உட்கார வைப்போம். தொலைநோக்கி தேவையில்லை, ஜமக்காளமும் சுண்டலும் போதும். பெரியவர்கள் தமிழ்ப் பெயரைச் சொல்லட்டும், பிள்ளைகள் ஆங்கிலப் பெயரைச் சொல்லட்டும். ஒரு முறை எல்லோரையும் நம் ஊர் ராமன் அறிவியல் மையத்தின் கோளரங்கத்துக்கும் அழைத்துப் போகலாம். இரண்டு, இந்த இதழில் மாதம் ஐந்து சொற்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும்: ஆங்கிலச் சொல், அதன் பிறப்பு, தமிழ்ச் சொல், இரண்டு வரி விளக்கம்.

முதல் மூன்று மாதங்களுக்கான பட்டியலைத் தயார் செய்து ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வானத்துப் பெயர்கள், அவர்கள் ஊர் வழக்கில் எப்படி இருந்தாலும் சரி, ஒரு தாளில் எழுதி சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். கேட்டு எழுத வேண்டியவர்கள் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.