வந்து மறையும் பழுது

முற்றாகப் பழுதடைந்த கருவியைத் திருத்துதல் எளிது; சில வேளைகளில் மாத்திரம் பழுதடையும் கருவியைத் திருத்துதலே அரிது. முன்னையது எப்பொழுது சென்று பார்த்தாலும் தன் குறையை மறையாது காட்டி நிற்கும். பின்னையதோ, வைத்தியரைக் கண்டதும் தணிந்துவிடும் காய்ச்சலைப் போல, திருத்துநர் முன் வைத்தவுடன் செம்மையாக இயங்கத் தொடங்கிவிடும். இத்தகைய பழுதை ஆராயும் முறையை, மின்கிற்றார் வாசிப்போர் பயன்படுத்தும் வால்வு அம்பிளிபயரை உதாரணமாகக் கொண்டு இவ்வாரம் நோக்குவோம்.

பழைய வானொலிப் பெட்டியின் பின்புறத்தில் செந்நிறமாக ஒளிர்ந்த கண்ணாடிக் குமிழ்களை மூத்த வாசகர் மறந்திரார். அவையே வால்வுகள். 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே திரான்சிற்றர் தோன்றிய பின்னர், வானொலிப் பெட்டிகளிலிருந்து அவை படிப்படியாக மறைந்தன. எனினும் கிற்றார் வாசிப்போர் அவற்றைக் கைவிட்டாரல்லர். ஒலியை மிகுதியாகப் பெருக்கும்போது வால்விலே பிறக்கும் கனிந்த கரகரப்பை அவர்கள் பெரிதும் விரும்புகின்றனர். ஃபெண்டர் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட 'ஹொட் ரொட் டிலக்ஸ்' என்னும் 40 வாற்று அம்பிளிபயர் இவ்வகையில் நன்கு அறியப்பட்டதொன்று. அதனுள்ளே 12ஏஎக்ஸ்7 என்னும் சிறிய வால்வுகள் மூன்றும், 6எல்6 என்னும் பெரிய வால்வுகள் இரண்டும் உள.

கிற்றாரிற் பிறக்கும் நுண்ணிய மின்னோட்டம் வயர் வழியே சென்று, சிறிய வால்வுகள் அமைந்த முதற்பெருக்கியை அடைகின்றது. அங்கிருந்து, 'ஜாக்' எனப்படும் செருகுவாய்கள் இரண்டினைக் கடந்து, பெரிய வால்வுகள் அமைந்த வலுப்பெருக்கிக்குச் செல்கின்றது. ஈற்றில் வெளியீட்டு நிலைமாற்றி வழியாக ஸ்பீக்கரை அடைந்து ஒலியாகின்றது. இச்சங்கிலியில் எக்கண்ணி நெகிழினும் ஒலி திடீரெனத் தாழும். சிறிது நேரத்தில் தானே மீளவுங் கூடும்.

இந்நிலையில் வாசிப்போர் பலர் செய்வது யாது? வால்வுகளே குற்றவாளிகள் எனத் துணிந்து, ஐந்தையும் மாற்றிவிடுகின்றனர். ஒலி திரும்புகின்றது, பழுது தீர்ந்தது என மகிழ்கின்றனர். சில நாளில் அப்பழுது மீண்டும் தலைகாட்டுகின்றது. பொருளும் போயிற்று, குறையும் நின்றது. இங்கே நிகழ்ந்த தருக்கப் பிழையை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தானே நீங்கும் இயல்புடைய குறைக்கு எம்மருந்து கொடுத்தாலும் அம்மருந்தே பலித்ததாகத் தோன்றும். மாற்றிய பின் குறை நீங்கிற்று என்பது, மாற்றியதனால் நீங்கிற்று என்பதற்குச் சான்றாகாது.

ஆதலின், முதற்கண் செய்ய வேண்டியது குறிப்பெடுத்தல். ஒலி தாழ்வது மின்னைத் தொடுத்தவுடனா, அரைமணி நேரம் சூடேறிய பின்னரா? திடீரெனவா, மெல்ல மெல்லவா? கரகரப்பு உடன் வருகின்றதா? நரம்பைப் பலமாக மீட்டியதும் ஒலி மீள்கின்றதா? பலமாக மீட்டியதும் மீளுமாயின், எங்கோ ஒரு தொடுமுனையிலே மாசு படிந்துள்ளது என ஐயுறலாம். சூடேறிய பின்னரே தாழுமாயின், வெப்பத்தால் விரியும் ஈயப்பற்று வெடிப்போ, வால்வோ, அது பொருந்தும் தாங்கியோ காரணமாகலாம்.

இரண்டாவது, சங்கிலியைப் பாதியாகப் பிரித்தல். எட்டுக் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பவர் ஏழு முறை முயல நேரலாம்; பாதி பாதியாகப் பிரிப்பவர் மூன்றே முறையிற் கண்டுகொள்வர். முதலில் வேறொரு கிற்றாரையும் வேறொரு வயரையும் பயன்படுத்தி நோக்குக. குறை தொடர்ந்தால், முதற்பெருக்கியின் வெளியீட்டு ஜாக்கிலிருந்து மற்றோர் அம்பிளிபயருக்கு ஒரு வயரைக் கொடுத்து வாசிக்குக. ஒலி தாழும் வேளையில் இரண்டிலுந் தாழ்ந்தால் குறை முற்பாதியில் உளது. மற்றையது குன்றாதிருப்பின் குறை பிற்பாதியில் உளது.

பிற்பாதியெனத் தெரிந்தால், வலுப்பெருக்கியின் உள்ளீட்டு ஜாக்கை முதலில் ஐயுறுக. அதனுள்ளே மெல்லிய உலோகத் தகடொன்று உண்டு. எதுவும் செருகப்படாதபோது அதுவே இரு பாதிகளையும் இணைப்பது, செருகியவுடன் விலகிக்கொள்வது. பல்லாண்டு பயன்படுத்தப்படாத ஜாக்கில் அத்தகட்டிலே தூசும் துருவும் படிய, இணைப்பு நெகிழ்கின்றது. குட்டையான வயரொன்றால் இரண்டு ஜாக்குகளையும் இணைத்துவிடின் ஒலி அத்தகட்டை நாடாது செல்லும். அந்நிலையில் பல நாள் வாசித்தும் ஒலி குன்றாவிடின், தகடே காரணமெனக் கருதலாம்.

இங்கும் அவசரம் ஆகாது. செருகும் செயலே தகட்டைத் துடைத்துவிடுமாதலின், வயரை அகற்றிய பின்னும் சில காலம் குறை தோன்றாதிருக்கலாம். அது மீண்டும் வந்து, வயரை இட்டதும் மீண்டும் நீங்குமாயின், அப்பொழுதே ஐயம் தீரும். வால்வுக்கும் இவ்விதியே. நல்லதென அறிந்த ஒரு வால்வை ஒவ்வோரிடமாக மாற்றி வைத்துப் பார்த்து, பின் பழையதைத் திரும்ப இட்டுக் குறை மீள்கின்றதா என அறிக. பென்சிலொன்றால் வால்வை மெல்லத் தட்டும்போது ஒலி ஏறி இறங்குமாயின், அவ்வால்வையோ அதன் தாங்கியையோ சோதித்தல் தகும்.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. மேற்கூறியவை யாவும் பெட்டியைத் திறவாமலே செய்யத்தக்கவை. உள்ளே 400 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேரோட்ட அழுத்தம் உண்டு. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்றே உயிர்கொல்லும் என்றால் இதன் கொடுமையைக் கூறவேண்டியதில்லை. மின்னைத் துண்டித்த பின்னும் கொள்ளளவிகள் அம்மின்னேற்றத்தை நெடுநேரம் காத்து வைத்திருத்தல் கூடும். உட்பகுதியின் ஈயப்பற்றுக்களைச் சோதிப்பது, அம்மின்னேற்றத்தை முறைப்படி இறக்கத் தெரிந்த தொழில்வல்லாருக்கே உரியது. வால்வை மாற்றும் முன்னர் மின்னைத் துண்டித்து, கண்ணாடி ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு அம்பிளிபயரை ஒருபொழுதும் இயக்கலாகாது. வெளியீட்டு நிலைமாற்றி கெட்டுப்போகக் கூடும்.

திருத்துநரிடம் செல்லும்போது குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்க. "சில நேரம் சத்தம் குறைகின்றது" என்பவருக்குத் திருத்துநர் ஊகத்தையே விடையாகத் தரமுடியும். "இருபது நிமிடங் கழித்துத் தாழ்கின்றது, முற்பாதியில் ஒலி குன்றவில்லை, குட்டை வயரை இட்டும் மாற்றமில்லை" என்பவர் பாதி வேலையைத் தாமே முடித்தவராவர். திருத்துநரின் நேரமும் குடும்பத்தின் பணமும் அதனால் மிஞ்சும்.